வெட்டாமல் வாங்கிய குடல்

அத்தியாயம் 9

செத்துப்போனவர்கள் வாட்ஸ்அப் அனுப்புவதில்லை. அப்படியே அனுப்பினாலும் வாரா வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தவறாமல் அனுப்பமாட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே நம் ஆட்களுக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

இது மணிவண்ணனின் கருத்து. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு, பெரம்பலூர் துறைமங்கலத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு அவன் இதைச் சத்தமாகவே சொன்னான்.

“மணி, வாயை மூடு,” என்றாள் வெற்றிச்செல்வி.

வெற்றிச்செல்வி இருபத்திரண்டு வருடம் போலீசில் இருந்து, ஏட்டாகவே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பாலக்கரை பக்கம் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டியவள். தனிக்கட்டை. மணிவண்ணன் கோர்ட் வாசலில் டைப் மிஷின் வைத்து ஊரார் வழக்கையெல்லாம் அடித்துக் கொடுத்தவன். கம்ப்யூட்டர் வந்ததும் மிஷினுக்கு வேலை போய்விட்டது, வாய்க்கு மட்டும் குறையவில்லை. ஐம்பது வயதில் அந்த வாயை வாடகைக்கு எடுத்தவள் வெற்றிச்செல்விதான். கார் ஓட்டுவதும் அவனே.

ஹாலில் சாமான் என்று அதிகமில்லை. கட்டி வைத்த இரண்டு பெட்டிகள், ஜன்னலோரம் ஒரு வயலின் பெட்டி, எதிரெதிராகப் போட்ட இரண்டு நாற்காலிகள். வீட்டையே காலி செய்தவள் அந்த இரண்டு நாற்காலிகளை மட்டும் நகர்த்தாமல் விட்டிருந்தாள். வெற்றிச்செல்வி ஒன்றில் உட்காரப் போய், என்னவோ தோன்றி, தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“நாளைக்கு விடியக்காலையில எனக்கு திருச்சியிலேர்ந்து பிளைட்டுங்க. ஜெர்மனிக்குத் திரும்பிப் போறேன்,” என்றாள் நர்மதா. ஐம்பதை ஒட்டிய வயது. காதோரம் நரைத்திருந்தது. இடது தாடைக்குக் கீழே வயலின் உரசி உரசிக் கறுத்த தழும்பு. “போறதுக்குள்ள ஒரே ஒரு விசயம் தெரியணும். அவர் செத்துட்டாருன்னா அழுதுட்டுப் போயிடுவேன். எவனோ கேலி பண்றான்னா அவனைத் தேடிப்போய் அறைஞ்சுட்டுப் போவேன். ரெண்டுல எதுன்னு தெரியாம என்னால பிளைட் ஏற முடியல.”

“மொதல்லேர்ந்து சொல்லுங்க.”

“நாங்க வாசிக்கிறது ஐரோப்பாவோட பழைய பாட்டு. நூத்தைம்பது, இருநூறு வருசத்துக்கு முன்னாடி எழுதினது. அதை அந்தக் காலத்து வயலின்ல, அந்தக் காலத்து வில்லுல, அந்தக் காலத்து சுருதியிலயே வாசிக்கிறதுதான் எங்க வேலை. இப்ப மாதிரி ஸ்டீல் கம்பி கிடையாது. ஆட்டுக் குடல்ல முறுக்குன நரம்பு.”

“ஞாயித்துக்கெழமையும் அதுவுமா குடலை ஞாபகப்படுத்திட்டீங்களே,” என்றான் மணிவண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

அவள் சொன்ன அந்த ‘அவர்’ ராசாங்கம். அவரும் அவளும் ஜெர்மனியில் இருபது வருடம் ஒரே இசைக்குழுவில் வாசித்தவர்கள். இருவருக்கும் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான் என்பதால் ஆறு வருடத்துக்கு முன் திரும்பி வந்து, ஏழு பேரைச் சேர்த்து, ‘பழைய வில்’ என்று ஒரு குழு வைத்தார்கள். கடைசிக் கச்சேரி அரியலூரில் ஒரு சர்ச் ஹாலில் நடந்தது. அறுபது நாற்காலிக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.

“அதுலயும் மூணு பேரு மழைக்கு ஒதுங்குனவங்க,” என்றாள் நர்மதா. “இந்த ரெண்டு மாவட்டத்துலயும் எங்களுக்கு உருப்படியா ரசிகர்னா ரெண்டே பேருதாங்க. நான் வாசிச்சா அவரு, அவரு வாசிச்சா நான்.”

அந்தக் கச்சேரி முடிந்த மறுநாள் ராசாங்கம் வயலினோடு வீட்டை விட்டுப் போனார். ‘தேட வேண்டாம்’ என்று ஒரு துண்டுக் காகிதம் எழுதி வைத்திருந்தார். திருமானூரில் கொள்ளிடப் பாலத்து ஓரம் அவருடைய ஸ்கூட்டர் நின்றது. ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிய சமயம். ஆளும் கிடைக்கவில்லை, வயலினும் கிடைக்கவில்லை. அதற்கு மூன்றாவது வெள்ளிக்கிழமை, தெரியாத நம்பரிலிருந்து நர்மதாவுக்கு ஒரு ஆடியோ வந்தது. பேச்சு எதுவும் இல்லை, வயலின் மட்டும். இரண்டு வயலினுக்கு எழுதிய பாட்டில் இரண்டாவது வயலின் பகுதி. அவள் வாசிக்க வேண்டிய இடமெல்லாம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. இதுவரை அப்படி முப்பத்தோரு ஆடியோ.

“கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

“நாப்பது தடவை கூப்பிட்டேன். ரிங் போகுது. எடுக்கல.”

“எழுதிக் கேட்டீங்களா?”

“செத்தவர் பேர்ல விளையாடுறவனுக்கு நான் எதுக்குங்க எழுதணும்?”

நம்பரைக் கொண்டு ஆளைப் பிடிக்க போலீசில் மனுக் கொடுத்தால் மூன்று வாரமாவது ஆகும். விமானத்துக்கு இருப்பது இருபது மணி நேரம். வெற்றிச்செல்வி போனைக் கையில் வாங்கி, கடைசியாக வந்ததைப் போட்டாள்.

கரகரப்பான, அடித்தொண்டையில் பாடுவது போன்ற ஒரு சத்தம் எழுந்தது. நாலு வரி வாசித்துவிட்டு நின்றது. பக்கத்து நாற்காலியில் யாரோ வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது போலக் காத்திருந்தது. பிறகு மறுபடியும் வாசித்தது. பாட்டைப் பற்றி வெற்றிச்செல்விக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத விஷயத்தில் அவள் வழக்கம் ஒன்றுதான், தெரிந்தவர்களின் முகத்தைப் பார்ப்பது. நர்மதாவின் இடது புருவம் மெல்ல மேலே ஏறியது.

“என்ன?”

“ஒங்களுக்குக் கேக்கலயா? மூணாவது நரம்பு எறங்குது பாருங்க. குடல் நரம்பு அப்படித்தான். வெயில் அடிச்சாலும் கலையும், ஈரம் பட்டாலும் கலையும். அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவை பிரடையைத் திருகி சுருதி கூட்டணும். கைக்குழந்தை மாதிரி, பக்கத்துலயே இருக்கணும்.” நர்மதாவின் குரல் உயர்ந்தது. “ராசாங்கம் ஒரு மயிரிழை எறங்குனாலே வில்லை நிறுத்திருவாரு. இந்த ஆளு எறங்கின நரம்புலயே கடைசி வரைக்கும் வாசிக்கிறான். அதனாலதான் சொல்றேன், இது அவரு இல்ல. அவரோட விரல் எப்படிப் போகும், எங்க வழுக்கும்னு எல்லாத்தையும் படிச்சுக்கிட்டு எவனோ பண்றான்.”

அப்போது ஆடியோவுக்குள் தூரத்தில் ஒரு சைரன் நீளமாக ஊதியது. வயலின் நிற்கவில்லை. சைரன் ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் தரைக்கு அடியிலிருந்து ‘டம்’ என்று ஒரு சத்தம். வயலின் சட்டென்று நின்றது. நாலைந்து மூச்சு நேரம் கழித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

“சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல வெடி வைக்கிறாங்க. அரியலூர் பக்கம்,” என்றாள் வெற்றிச்செல்வி. “சைரனுக்கு அசையல, வெடிக்குத்தான் நிக்கிறான். அங்கேயே குடியிருக்கிறவன். சைரன் அவனுக்குப் பழகிப்போச்சு.”

இந்த முடிவுக்கு வந்த பெருமை முழுக்க வெற்றிச்செல்வியையே சேரும். நான்கு மணி நேரம் கழித்து இதற்காக அவள் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

“நரம்பு எங்க வாங்குவீங்க?”

“ஜெர்மனியில ஒரே ஒரு கடைதான். தபால்ல வரும். அந்தக் கடைக்காரர் எனக்குப் பழக்கம், கேட்டுட்டேன். எட்டு மாசமா எங்க ஊர்ப்பக்கம் என்னைத் தவிர யாரும் வாங்கல. தவிர, இது கடைச் சரக்கும் இல்லைங்க. சத்தத்துல ஒரு சொரசொரப்பு இருக்கு. எவனோ கையால முறுக்கியிருக்கான்.”

“குடலை வாங்கி நரம்பாக்க எத்தனை நாள் ஆகும்?”

“ஊற வெச்சு, சுரண்டி, முறுக்கி, இழுத்துக் கட்டிக் காய வெக்கணும். அஞ்சு நாள் புடிக்கும்.”

வெற்றிச்செல்வி வெள்ளிக்கிழமையிலிருந்து பின்னோக்கி விரல் விட்டு எண்ணினாள். ஐந்தாவது விரலில் நின்றாள்.

“மணி, ஞாயித்துக்கெழம என்ன விசேசம்?”

“லீவு நாள்ல என்னை ஆறு மணிக்கு எழுப்புனதுதான் விசேசம்.”

“கறிக்கடைடா. ஞாயித்துக்கெழம குடல், வெள்ளிக்கெழம பாட்டு. காரை எடு.”

அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போயின. இரண்டு பக்கத்து மரங்களுக்கும் வெள்ளையாகத் தூசி. மணிவண்ணனின் பழைய ஆல்ட்டோ ஒவ்வொரு லாரிக்கும் வழிவிட்டு ஒதுங்கி ஊர்ந்தது.

“மேடம், ஒரு சந்தேகம். ஒன்பது பேரு கேக்குற பாட்டுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு? ஸ்டீல் கம்பி போட்டா கலையாது. மைக் வெச்சா ஊருக்கே கேக்கும்.”

“ஒன் டைப் மிஷினை ஏன் இன்னும் வூட்ல தொடச்சு வெச்சிருக்க?”

மணிவண்ணன் கியரை மாற்றினான். வெற்றிச்செல்வி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எதிரெதிரே கிடந்த அந்த நாற்காலிகள் கண்ணை விட்டுப் போகவில்லை. எட்டு மாதமாக ஒருத்தி அதில் ஒன்றில் உட்கார்ந்து எதிரே பார்த்திருப்பாள். வெற்றிச்செல்வி வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி. அதில் ஒரு வசதி உண்டு, எதிரே யாரும் இல்லை என்பது அவ்வளவாகத் தெரியாது.

அரியலூரில் முதல் கறிக்கடைக்காரர் கேள்வியைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முறைத்தார். இரண்டாவது கடையில் கூட்டம் இடித்தது. மூன்றாவது கடைக்குப் பின்புறம், ஓட்டுச் சார்ப்பில், முழங்கை வரை நனைந்த கையோடு கிருஷ்ணம்மாள் குடல் அலசிக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். குரல் தெருமுனை வரை போகும்.

“அக்கா, குடலை வெட்டாம முழுசா கேட்டு யாராச்சும் வருவாங்களா?”

கிருஷ்ணம்மாள் தலையை நிமிர்த்தினாள். “ஆரு, அந்தத் திமிரு புடிச்ச மனுசனையா கேக்குறே?”

மணிவண்ணன் வெற்றிச்செல்வியைப் பார்த்தான். அவள் பார்க்காதது போல நின்றாள்.

“வாரா வாரம் வருவாரும்மா. இன்னைக்கும் ஆறு மணிக்கே வந்துட்டாரு. ஊரு உலகமெல்லாம் குடல் வாங்குது, கொளம்புக்குத் துண்டு துண்டா வெட்டித்தானே கேக்கும்? இவரு வெட்டாதேங்கறாரு. அலசக்கூட வேணாங்கறாரு. வெள்ளாடு ஆவாதாம், செம்மறிதான் வேணுமாம். அதுலயும் நீளம் பாத்து எடுக்குறாரு. ஏங்க, ஆரு சமைக்கிறா ஒங்க வூட்லன்னு கேட்டேன். ஒரு வார்த்தை பதில் இல்ல. சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. இன்னைக்குக் குடையை விட்டுட்டுப் போனாரு. இந்தா, குடை குடைன்னு நானும் கத்துறேன், தெருவே திரும்பிப் பாக்குது, அந்த மனுசன் திரும்பணுமே! அப்படி என்னம்மா ராங்கி?”

“எங்கே இருக்காருன்னு தெரியுமா?”

“கல்லங்குறிச்சி பஸ்ல ஏறுவாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. இந்தா, அவரைப் பாத்தா இந்தக் குடையைக் குடுத்துரு. காலையிலேர்ந்து எடுத்து எடுத்து வெச்சே எனக்கு சலிச்சுப்போச்சு.”

காரில் ஏறியதும் மணிவண்ணன் குடையை விரித்துப் பார்த்து மடக்கினான். “குத்தவாளி குடையோட சிக்கிட்டான். மேடம், எனக்கு ஒரு அரைக்கிலோ வாங்கிக்கட்டுமா? வெட்டினதுதான்.”

“மொதல்ல ஆளைப் புடி.”

கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் வாசலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருந்தது. கோயிலைத் தாண்டியதும் ஆள் அரவம் குறைந்தது. பருத்திக் காடு, முந்திரி, அப்பால் சுரங்கம் வெட்டிப் போட்ட மண் மேடு. காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். மணிவண்ணன் காரை நிறுத்திக் கைகளை விரித்தான்.

“இதுல எந்த வூடுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கதவைத் தட்டி, குடலை என்ன பண்றீங்கன்னு கேட்டா ஒதைப்பாங்க.”

“காலையில ஆறு மணிக்கு வாங்கியிருக்கான். இப்ப மணி பதினொண்ணு. ஊற வெக்கிறதுக்கு முன்னாடி வெளியில உக்காந்து வழிச்சுக்கிட்டு இருப்பான். மேல பாரு.”

மணிவண்ணன் மேலே பார்த்தான். தெற்கே ஒரு ஓட்டு வீட்டின் மேல் மட்டும் காக்கைகள் கூடிக் கத்திக்கொண்டிருந்தன. கூரை விளிம்பில் மூன்று பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“அடேங்கப்பா,” என்றான் மணிவண்ணன். “சாட்சிக்கே ஆள் சேத்து வெச்சிருக்கானே.”

வீட்டுக்கு முன்னால் இரண்டு முளைகளுக்கு நடுவே கொடி கட்டியிருந்தது. கொடியில் துணி இல்லை. மெலிசாக முறுக்கிய நரம்புகள் வெயிலில் பளபளத்தன. வேப்ப மரத்தடியில், அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து பலகையின் மேல் எதையோ வழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் ஒரு வயலின் இருந்தது.

“ஏங்க!” என்றாள் வெற்றிச்செல்வி.

முதுகு அசையவில்லை.

“நர்மதாங்கறவங்களுக்கு ஆடியோ அனுப்புறது நீங்கதானே?”

அப்போதும் அசையவில்லை. பொறுமை இழந்து மணிவண்ணன் காருக்குள் கையை விட்டு ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினான். காக்கைகள் மொத்தமாகச் சிதறின. பூனைகள் ஓட்டின் மேல் தாவி ஓடின. முக்காலிக்காரர் வழித்துக்கொண்டே இருந்தார். காக்கைகளின் நிழல் பலகை மேல் விழுந்து ஓடியதைப் பார்த்த பிறகுதான் தலையைத் தூக்கினார். முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பின்னால் திரும்பினார்.

வெற்றிச்செல்வி அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். கை தானாக எழுந்து தலையில் ஒரு குட்டு வைத்தது.

“மணி, நான் ஒரு முட்டாள்.”

“அது தெரியும் மேடம். இப்ப புதுசா என்ன?”

“சைரன் பழகிப்போகல. சைரன் கேக்கவே இல்ல. வெடியும் கேக்கல, காலுக்கடியில தரை ஆடுனதும் நிறுத்தியிருக்காரு. நரம்பு எறங்குனதும் அவருக்குக் கேக்கல. போன் அடிக்கிறதும் கேக்கல, குடைன்னு கத்துனதும் கேக்கல. இது போலி ஆள் இல்ல மணி.” அவள் குரல் தணிந்தது. “இதுதான் ராசாங்கம்.”

மணிவண்ணன் வேப்ப மரத்தடிக்கு நடந்தான். குடையை மட்டும் நீட்டினான்.

ராசாங்கம் குடையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். ஓடவில்லை. மெலிந்த உடம்பு, நாலு நாள் தாடி. “எழுதிக் காட்டுங்க,” என்றார். தன் குரலின் அளவு தனக்கே தெரியாததால் அது தேவைக்கு மேல் உரக்க வந்தது.

வெற்றிச்செல்வி குறிப்பு நோட்டில் எழுதினாள்: ‘நர்மதா அனுப்பினாங்க.’

அவர் அந்த இரண்டு சொல்லை வெகுநேரம் படித்தார்.

“ரெண்டு வருசமா ஒரு காது. அப்புறம் இன்னொண்ணு,” என்றார். “அவகிட்ட சொல்லல. வில்லைப் பாத்து, விரலைப் பாத்து சமாளிச்சேன். அன்னைக்கு சர்ச்ல வாசிச்சுக்கிட்டு இருக்கும்போது அவ புருவம் ஏறுச்சு. இருபத்தாறு வருசமா அந்தப் புருவத்தை எனக்குத் தெரியும். என் நரம்பு எறங்கிருச்சு, எனக்குத் தெரியல. கேக்க வந்ததே ஒன்பது பேரு. அவங்க முன்னாடி அவளை நான் அசிங்கப்படுத்திட்டேன்.”

‘பாலம்?’ என்று எழுதினாள்.

“குதிக்கத்தாங்க போனேன். வயலினைக் கரையில வெச்சா மழையில வீணாப் போயிடும். யார்கிட்டக் குடுக்கிறதுன்னு யோசிச்சேன். அவளைத் தவிர யாரும் ஞாபகத்துக்கு வரல. அவகிட்டக் குடுக்கணும்னா திரும்பிப் போகணும். போகவும் தைரியம் இல்ல. வயலினைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கமா நடந்துட்டேன்.” சிரிக்க முயன்றார். “அந்தக் கடையில நரம்பு வாங்குனா அவளுக்குத் தெரிஞ்சு போயிடும். அதனால நானே முறுக்குறேன். புது நரம்பு கட்டினதும் வாசிச்சு அனுப்புவேன். சரியா தப்பான்னு வேற யாருகிட்டங்க நான் கேக்குறது? ஒரு வார்த்தை எழுதுவான்னு பாத்தேன். முப்பத்தோரு வாரம். அவ எழுதல. கூப்பிடத்தான் செஞ்சா. எடுத்து வெச்சுக்கிட்டு நான் என்ன கேக்குறது? எழுதலன்னா... வாசிப்பு அவ்வளவு மோசம்னு புரிஞ்சுக்கிட்டேன்.”

வெற்றிச்செல்வி நோட்டை மூடினாள். ஒருவர் கேட்க முடியாமல் எழுத்துக்காகக் காத்திருக்கிறார். இன்னொருத்தி கேட்டுவிட்டு, இது அவரில்லை என்று எழுத மறுக்கிறாள். பேரைப் போட்டு ஒரு வரி அனுப்பியிருந்தால் முதல் வாரமே முடிந்திருக்கும். ஆனால் இந்த இரண்டு பேரும் பேரை நம்புகிறவர்கள் இல்லை, வாசிப்பைத்தான் நம்புவார்கள். ‘நான் வாசித்தால் அவளுக்குத் தெரியாதா’ என்று இவர் நினைத்தார். ‘அவர் இப்படி வாசிக்கவே மாட்டார்’ என்று அவள் நினைத்தாள். இப்படியொரு தப்பைச் செய்ய இருபத்தாறு வருடப் பழக்கம் வேண்டும்.

வெற்றிச்செல்வி ஒதுங்கிப் போய் போன் செய்தாள். “நர்மதாம்மா, உடனே கெளம்பி வாங்க. மணி எடம் அனுப்புவான். வயலினை எடுத்துக்குங்க. அழறதா அறையுறதான்னு வந்து முடிவு பண்ணிக்கலாம்.”

வர ஒரு மணி நேரம் ஆகும். ராசாங்கம் கட்டிலில் வயலினைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். மணிவண்ணன் கொடியில் தொங்கிய நரம்பையும் பலகையையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் காரில் சாய்ந்துகொண்டான்.

“மேடம், இந்த ஜென்மத்துல எனக்குக் குடல் கொளம்பு எறங்காது. மத்தியானம் எங்க வூட்டுக்கு வாங்க. சாம்பார்தான்.”

வாரா வாரம் அவன் கேட்பான். வாரா வாரம் அவள் மெஸ்ஸில் சொல்லி வைத்திருப்பதாகச் சொல்வாள்.

“வரேன்,” என்றாள்.

வாடகைக் கார் வந்து நின்றது. நர்மதா இறங்கினாள். விமான நிலையத்துக்கு நேராகப் போய்விடலாம் என்று பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். வேப்ப மரத்தடியில் எழுந்து நின்றவரைப் பார்த்ததும் அவள் நடை நின்றது. கையில் இருந்த வயலின் பெட்டி முழங்காலில் இடித்தது.

“நர்மதா, உக்காரு,” என்றார் ராசாங்கம் உரக்க.

அவள் அழவும் இல்லை, அறையவும் இல்லை. வெற்றிச்செல்வி தன் காதைத் தொட்டுக் காட்டி, கையை இல்லை என்று அசைத்து, நோட்டை நீட்டினாள். நர்மதா அந்த நோட்டையும் காதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எட்டு மாதமும் அவளுக்கு அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது. முக்காலியில் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்து எழுதினாள். எழுத எழுதக் கண்ணீர் காகிதத்தில் விழுந்தது. அதைத் துடைக்காமல் நோட்டை அவரிடம் கொடுத்தாள்.

வெற்றிச்செல்வி எட்டிப் பார்த்தாள். பார்த்திருக்கக்கூடாதுதான், ஆனால் அவள் தொழில் அப்படி. நோட்டில் மூன்று வரிகள் இருந்தன.

‘மூணாவது நரம்பு எறங்கியிருந்துச்சு. அது தப்பு. மத்ததெல்லாம் சரி.’

ராசாங்கம் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். முப்பத்தோரு வாரமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பொய் சொல்லி ஆறுதல் தராத பதில் என்பதால்தான் அவர் அதை நம்பினார்.

நர்மதா கையை நீட்டி அவருடைய வயலினை வாங்கினாள். மூன்றாவது நரம்பைச் சுண்டினாள். புருவம் ஏறியது. ராசாங்கம் அந்தப் புருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பிரடையை ஒரு திருகு திருகிச் சுண்டினாள். இன்னொரு திருகு. புருவம் மெல்ல இறங்கியது. வயலினை அவரிடம் நீட்டினாள்.

அவர் வாசித்தார். அவள் தன் வயலினை எடுத்து வெறுமையாக இருந்த இடங்களில் வாசித்தாள். மணிவண்ணனுக்குப் பாட்டு புரியவில்லை, வெற்றிச்செல்விக்கும் புரியவில்லை. அரைப் பாட்டில் நர்மதாவின் புருவம் மறுபடியும் ஏறியது. ராசாங்கத்தின் வில் அந்த நொடியே நின்றது. அவரே வயலினை அவள் பக்கம் நீட்டினார்.

வாடகைக் கார் டிரைவர் வேப்ப மரத்தடிக்கு வந்து தயங்கினார். “அம்மா, ஏர்போர்ட்டுக்கு எத்தனை மணிக்குங்க கெளம்பணும்?”

நர்மதா அவர் பக்கம் திரும்பவில்லை. பிரடையில் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

“பெட்டியை எறக்கி வெச்சிருங்கண்ணே,” என்றாள்.